அடியில் படியாத கல்ச்சர்

கோழிக்குஞ்சுகள் கழிந்து கழிந்து சாகின்றன என்று திருவாலங்காட்டுப் பண்ணையிலிருந்து சரோஜா அக்கா போன் செய்தபோது, எங்கள் மேனேஜர் யோசிக்கவே இல்லை. "தண்ணி சரியில்லம்மா, தொட்டியக் கழுவுங்க" என்றார். யார் புகார் சொன்னாலும் எங்கள் கம்பெனியில் அதுதான் பதில். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

2000-களின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கோழித்தீவனத்தில் கலக்கும் புரோபயாடிக் பவுடர், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா பவுடர் தயாரித்தோம். நான் தரம் பார்க்கும் க்யூ.சி. பிரிவில் மைக்ரோபயாலஜிஸ்ட். ஒரு கிராம் பவுடரில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்ற கவுண்ட் பிரமாதமாக இருந்தது. பாக்டீரியா உயிரோடு இருந்தால் போதும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம்.

போதாது. நல்ல பாக்டீரியாவின் மேற்பரப்பில் சில புரதங்கள் உண்டு. அவற்றைக் கொண்டுதான் அது குடல் சுவரில் ஒட்டும். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல இடத்தைப் பிடித்துவிட்டால், நோய்க்கிருமி ஒட்ட வழியில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்களும் அந்தப் புரதங்களை அடையாளம் கண்டுதான் எவ்வளவு வேகம் காட்டுவது என்று முடிவு செய்கின்றன.

எங்கள் வழக்கம் அதில் மண்ணைப் போட்டது. முதலில் வாங்கிய பாக்டீரியா, அதாவது மூலக் கல்ச்சர், டீப் ஃப்ரீசரில் இருந்தது; கரண்ட் கட்டுக்குப் பயந்து அதைத் திறக்கவே மாட்டோம். நேற்றைய தயிரை எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய ட்யூபிலிருந்தே புது ட்யூபுக்கு மாற்றிக்கொண்டே போனோம். ட்யூபில் சொகுசாக வளர்ந்த பாக்டீரியாவுக்கு ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. புரதத்தை மெல்ல மெல்ல விட்டுவிட்டது.

மீஞ்சூரிலிருந்தும் அதே புகார் வந்ததும் எனக்கு உறுத்தியது. ஃப்ரீசரிலிருந்து மூலக் கல்ச்சரை எடுத்து வளர்த்து, அதையும் எங்களுடையதையும் தனித்தனி ட்யூபில் கலக்கி வைத்தேன். மூலக் கல்ச்சர் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்தது. எங்களுடையது கலங்கலாகவே நின்றது; ஒட்டும் புரதம் போய்விட்டது.

மேனேஜர் பார்த்தார். "கவுண்ட் இருக்குல்ல? கம்முனு இரு. அடுத்த பேட்ச்ல மாத்திக்கலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து சரோஜா அக்கா வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு டிரே முட்டையை மேசைமேல் வைத்தார்.

"தப்பு எங்க மேலதான் மேடம். எங்க கொழுந்தன்தான் தொட்டி கழுவுவான். ஒயுங்கா கழுவலன்னு திட்டி, ஊட்ட வுட்டே அனுப்ச்சிட்டேன். ரெண்டு மூட்ட பவுடர் குடுங்க."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தண்ணியில ஒண்ணுமில்ல. கோளாறு எங்க பவுடர்லதான்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கழுவினேன் அண்ணின்னு அழுதான் மேடம். படிச்சவங்க சொல்றாங்களேன்னு நான் நம்பல."

அதற்குப் பிறகு மூலக் கல்ச்சரிலிருந்தே பேட்ச் போட்டோம். கவுண்ட் எடுப்பதோடு, அடியில் படிகிறதா என்றும் பார்த்தோம். இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: புகார் வந்தால் முதலில் நம் ட்யூபைப் பாருங்கள். அக்காவுக்குப் பவுடரை மாற்றிக் கொடுத்துவிட்டோம். கொழுந்தன் வீடு திரும்பினாரா என்று கேட்கும் முகம்தான் எங்களில் யாருக்கும் இல்லை.