கப்பலின் உறுதிப் பத்திரம் யார் பெயரில்

விண்வெளிப் படங்களில் நான் சண்டையைக் கவனிப்பதில்லை. யார் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கல்முனையில் மனைவியின் சீதன வீட்டில், அவள் குடும்பத்தார் அத்தனை பேரோடும் இருப்பவனுக்கு வேறென்ன கவலை.

இன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் அப்படியொரு கப்பல். ஆளுக்கொரு அறை. தானாகப் பூட்டும் கதவு. முக்கியமாக, சொந்தக்காரர் யாரும் சொல்லாமல் வந்து இறங்க முடியாது.

மனைவியின் தாய், மாமியும் வந்து உட்கார்ந்தார்.

"இப்பிடி ஒரு கப்பல் கிடைச்சா அதுலயே குடியிருந்திருவன் மாமி" என்றேன்.

மாமி உன்னிப்பாகப் பார்த்தார்.

"வசதியாத்தான் இரிக்கி மகன். எத்தின அறை?"

"நூறு இரிக்கும் மாமி."

"அப்ப என்ட சின்ன மகள்ட பேர்ல எழுதலாம். அவள்ட வீடு இன்னும் கூரை போடாமக் கெடக்கு. மாப்புள வீட்டார் கேட்டா, கப்பல் இரிக்கி எண்டு சொல்லலாம்."

"அப்ப நான்?"

"நீங்க எங்க போற? ஒங்கட பொண்டாட்டிட வீடு இங்கதானே இரிக்கி."

குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சிரிப்பது கேட்டது.

சொந்தப் பெயரில் கப்பல் வைத்திருக்கும் மச்சான்மார் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். எனக்கு ஓர் அறை போதும். உள்ளே இருந்து பூட்டக்கூடியதாக இருந்தால் சரி.