விடு என்று சொல்லக் கூடாது

என் அண்ணி மறுவாழ்வு மருத்துவர். அப்படிச் சொன்னால் குடியை நிறுத்த வைக்கிற டாக்டர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் பெரியப்பா, தள்ளாடிக்கொண்டிருந்த தன் மகனைக் கையோடு இழுத்துவந்து அவள் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அண்ணி அவன் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். "கால் நல்லாத்தான் இருக்கு மாமா. தள்ளாட்டம் என் டிபார்ட்மென்ட் இல்லை" என்றாள்.

அவளிடம் வந்தவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள். இவர்களில் பலருக்குக் கை கால் துவண்டு கிடப்பதோடு சங்கதி முடிவதில்லை. கொஞ்ச நாளில் தசை தானாகவே இறுகத் தொடங்கும். விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கையைக் கிழிக்கும். இதைத் தசையில் ஊசி போட்டுத் தளர்த்துவதும், தளர்த்தக் கற்றுக்கொடுப்பதும்தான் அவள் பிழைப்பு. மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி அவள் வார்டு. எந்நேரமும் ஈரத்துணி வாடை அடிக்கும்.

அந்த வார்டில் ஒரு வார்த்தைக்குத் தடை. 'விடு.' மனைவியோ மகனோ நோயாளியின் முஷ்டியைப் பிரிக்கப் பார்த்து, "கையை விடுங்களேன், ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டால் போச்சு. "அவர் பிடிக்கலைம்மா. அது பிடிக்குது. அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டா அதுக்குக் காது கேக்குமா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். அவளிடம் படித்த மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் விடாக்கண்டி. அவளுக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

வகுப்பில் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. இறுக்கமெல்லாம் எதிரி இல்லை. வலுவே இல்லாத கால் சில சமயம் அந்த இறுக்கத்தால்தான் நிற்கும். "ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி, இந்த இறுக்கம் எதைத் தாங்கிட்டிருக்குன்னு பாருங்க" என்பாள்.

அவள் ஓய்வு பெறவிருந்த வருஷம் அண்ணனுக்கே பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. இடது கை போனது. இடது கால் கம்பு மாதிரி விறைத்து, பாதம் உள்பக்கம் திரும்பிக்கொண்டது. ஆனால் அந்தக் கம்பை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வந்தான். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்வான். "எனக்கு மிச்சமிருக்கிற ராஜ்ஜியம் இது ஒண்ணுதான்" என்பான்.

அந்தப் பாதத்தில் ஷூ ஏறவில்லை. அண்ணியின் கண்ணை உறுத்தியது அதுதான். பிரிவுபசார விழாவுக்கு அவன் ஷூ போட்டுக்கொண்டு தன்னோடு மேடை வரை நடந்துவர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஊரார் கணவர்களையெல்லாம் நடக்க வைத்தவளுக்கு இந்த ஆசை கூடாதா? கூடாதுதான். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

"இந்தக் கால்லதானே நிக்கிறேன், இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் அண்ணன்.

"கெண்டைக்கால்ல கொஞ்சமாத்தான் போடப்போறேன். நிக்கறது போகாது."

"சரி, டாக்டரைக் கட்டிக்கிட்டு ஊசிக்குப் பயந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினான்.

அவள் தன் பாடத்தை மறக்கவில்லை. பார்த்தாள், யோசித்தாள், கொஞ்சம்தானே என்று தனக்கே சலுகை கொடுத்துக்கொண்டாள். சில நாளில் பாதம் நேராகி ஷூ ஏறியது. அண்ணி குழந்தை மாதிரி கைதட்டினாள். மறுநாள் காலை குளியலறைக்குள் அவன் முழங்கால் மடங்கியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் அவனைத் தூக்கினோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விழாவுக்கு யாரும் போகவில்லை.

ஊசியின் வேலை சில மாதங்களில் தானாகத் தீர்ந்துவிடும். அதைத்தான் நம்பியிருந்தோம். தினமும் காலையில் அண்ணி கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் பாதத்தை மேலே அழுத்திப் பார்ப்பாள். ஆயுசெல்லாம் இறுக்கத்தோடு மல்லுக்கட்டியவள், அது திரும்பி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பாதம் அவள் கையை எதிர்த்துத் தள்ளியது. "வந்துடுச்சு" என்று அழுதாள்.

அன்றைக்கே அவனை எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தோம். நான் ஒரு பக்கம், அண்ணி மறுபக்கம். பாதம் பழையபடி திரும்பியது, விறைத்தது, வலித்தது. ஆனால் படுக்கையிலேயே கிடந்து தொடை கரைந்துபோயிருந்தது. கால் சரிந்தது. அண்ணி தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, "இன்னொரு தடவை" என்றாள். மறுபடியும் சரிந்தது. மறுபடியும். தரையில் ஈரம் பரவியதைப் பார்த்த பிறகுதான் அவன் கால்சட்டை நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போதும். விடு" என்றான்.

கட்டிலில் உட்கார வைத்துவிட்டோம். நான் கையை எடுத்துவிட்டேன். அண்ணி எடுக்கவில்லை. அவள் விரல்கள் பதிந்த இடத்தில் அவன் தோல் வெளுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, அவனுக்கு வலிக்குது. கையை விடுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

"நான் பிடிக்கலைம்மா" என்றாள். "அது பிடிக்குது."