ஜிப்னாவின் மாரா மரங்கள்

பதுளை நகரத்துக்கு மேலே, மலைச்சரிவை வெட்டி வரிசையாக வீடு கட்டிய பழைய குடியிருப்பு அது. வீடுகளின் பின்பக்கம் செங்குத்தான மண்மேடு. மேட்டின் விளிம்பில் ஐந்து மாரா மரங்கள் குடை விரித்தாற்போல எல்லாக் கூரைகளுக்கும் மேலாகப் படர்ந்து நின்றன. முதல் வீடு எழும்பிய காலத்திலேயே நட்ட மரங்கள் என்பார்கள்.

அந்தத் தெருவில்தான் ஜிப்னா இருந்தாள். பஸாரில் ஒரு பார்மசியில் வேலை. கணவன் ஷாமில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தான். சில வருடங்களுக்கு முன்பு, காய்ந்த கொப்பு ஒன்று ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்தபோது, ஐந்தையும் வெட்டிவிட வேண்டும் என்று தெருவே சேர்ந்து முடிவெடுத்தது. ஜிப்னா ஒருத்திதான் எழுந்து வேண்டாம் என்றாள். அதற்கு முன்பு வெலிமடையில் அவளுடைய மைத்துனி வீட்டுக்குப் பின்னால் மரங்களை வெட்டியிருந்தார்கள். அடுத்து வந்த மழைக்கே மேடு சரிந்து அடுக்களைக்குள் வந்துவிட்டது. அந்தச் சேற்றைத் தன் கையால் அள்ளியவள் அவள்.

"வெட்ட வேணாம். நான் பாத்துக்கொள்றேன்" என்றாள்.

தெரு அரைமனதோடு விட்டுக்கொடுத்தது. அவளும் சொன்னபடி பார்த்துக்கொண்டாள். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மரம் வெட்டும் சுரேஸ் என்பவனை வரவழைத்து, காய்ந்த கொப்புகளை இறக்கினாள். அடிமரத்தைச் சுற்றி யாரோ எப்போதோ போட்டிருந்த கொங்கிரீட்டை உடைத்து எடுக்கச் செய்தாள். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, பட்டையில் காளான் முளைத்திருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பாள். தெருவார் சிரிப்பார்கள். "ஜிப்னாட மரம்" என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

கடந்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். பாதையில் தண்ணீர் நின்றதால் பார்மசி திறக்கவில்லை. ஜிப்னா வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நிலம் ஒருமுறை முனகியது போலிருந்தது. பிறகு கூரைத் தகடுகள் நொறுங்கும் சத்தம்.

மூன்றாவது மரம் வேரோடு சாய்ந்து மொஹிதீன் நானாவின் அடுக்களை மேல் கிடந்தது. பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். உள்ளே அவருடைய மனைவி உம்மு குல்தூம் மட்டும் இருந்தாள். ஜிப்னாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இலைக்குள் நுழைந்து, ஓடுகளையும் தகடுகளையும் கையாலேயே இழுத்து எறிந்தார்கள். உம்மு குல்தூம் உயிரோடிருந்தாள். இடுப்பு நொறுங்கியிருந்தது. வலியில் ஜிப்னாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை, வாகனத்தில் ஏற்றும்வரை அவள் விடவில்லை.

பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த மொஹிதீன் நானா மரத்தைப் பார்த்தார். பிறகு ஜிப்னாவைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் வாகனத்தில் ஏறிக்கொண்டார்.

அவர் பேசாததைத் தெரு பேசியது. அன்றைக்கே வெட்டியிருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டார்கள். மழை ஓய்ந்ததும் கூட்டம் போட்டு, மீதி நான்கையும் வெட்ட மனுக் கொடுப்பது என்றார்கள்.

"நீயும் சரியெண்டு சொல்லிப்போடு" என்றான் ஷாமில். "நாங்க இந்த மனிசரோட தானே இருக்கணும்."

ஜிப்னாவுக்கே பயமாக இருந்தது. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று சொன்னவள் அவள்தானே. எதைத் தவறவிட்டோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவாள்; அவள் வார்ட்டுக்குள் நுழைந்ததும் மொஹிதீன் நானா எழுந்து வெளியே போய்விடுவார். உம்மு குல்தூம் மட்டும், "வாங்க புள்ள, இரிங்க" என்று கட்டிலோரத்தைத் தட்டிக் காட்டுவாள்.

விழுந்த மரத்தை அறுத்து அகற்ற சுரேஸ்தான் வந்தான். அடிமரத்தை உருட்டிப் போட்டதும், மல்லாந்து நின்ற வேர்க்கட்டையை ஜிப்னா முதன்முதலாக முழுதாகப் பார்த்தாள். மேட்டுப் பக்கத்து வேர்கள் நார் நாராகக் கிழிந்திருந்தன. வீட்டுப் பக்கத்து வேர்கள் அப்படியில்லை. பலகை அறுத்தது போல நேராக முடிந்திருந்தன. அறுத்த முகம் கறுத்து, உளுத்திருந்தது.

"மிஸ், இது காத்துல போன மரம் இல்லீங்க" என்றான் சுரேஸ். "யாரோ வாள் போட்டு அறுத்திருக்காங்க. படம் புடிச்சு வெச்சுக்கோங்க. நாளைக்கு ஒங்களத்தான் எல்லாரும் கேப்பாங்க."

யாரென்று கேட்கத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மொஹிதீன் நானா மேட்டைக் குடைந்து, அணைச்சுவர் எழுப்பி, மனைவிக்குப் புது அடுக்களை கட்டினார். ஜிப்னா அப்போது வெலிமடையில் மைத்துனி வீட்டிலிருந்தாள். திரும்பி வந்தபோது சுவர் முடிந்திருந்தது. புது அடுக்களையைப் பார்க்கப் போன அன்று, அங்கே அவித்த வட்டிலாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர் மரத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறதே, வேரை என்ன செய்தார்கள் என்று நினைத்தாள். அக்கா முறையில் அவள் தாத்தா என்று கூப்பிடும் உம்மு குல்தூம் அலுமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? கேட்காமலே வந்துவிட்டாள்.

படம் எடுத்தாள். ஷாமிலுக்கும் காட்டவில்லை. கூட்டத்தில் இதைக் காட்டினால் தன் மேலுள்ள பழி போகும். மற்ற மரங்களும் தப்பும். ஆனால் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருக்கும் அந்த மனிதரை ஊர் என்ன சொல்லும்? இரண்டு நாள் அந்த யோசனையிலேயே மருந்துப் பெட்டிகளை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் இரும்புக் கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் மொஹிதீன் நானா வேலைக்காரனைத் தேநீர் வாங்க அனுப்பினார்.

"வேரக் கண்ட தானே?" என்றார்.

"ஓம் நானா."

"நானும் அண்டைக்கே கண்ட. மரத்த விட வேர்தான் எனக்குக் கண்ணுல பட்டது." கல்லாப்பெட்டியின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "குல்தூம் சொன்னா, வேருல கை வைக்க வாணாம், ஜிப்னா வந்தா ஒருக்கா கேப்பம் எண்டு. நான்தான் மேசனை அவசரப்படுத்தின. இப்ப ஊருக்கு முன்னால இது வந்தா அவட முகத்தில நான் எப்படி முழிக்கிற? சொல்லிப்போடாதீங்க புள்ள."

ஜிப்னாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "நான் சொல்லல்ல. ஆனா மத்த மரத்துக்கு ஒண்டும் செய்ய வாணாமெண்டு நீங்க எழும்பிச் சொல்லணும். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் எழும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். எல்லோரும் அவரைக் காட்டிக் காட்டியே பேசினார்கள். ஜிப்னா அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவளுடைய ஃபோன் மடியில் கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். கை எழும்பவில்லை. நான்கையும் வெட்டுவது என்று முடிவாயிற்று.

அனுமதி கிடைத்ததும் வேறு ஆட்கள் வந்தார்கள். சுரேஸ் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முதல் இரண்டு மரங்கள் விழுந்த அன்று ஜிப்னா வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் திரும்பியபோது தெருவின் அந்தப் பாதியில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

நான்காவது மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, உம்மு குல்தூமை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். வெட்டிப் போட்ட மரங்களைக் கண்டதும் அவள் வேனை நிறுத்தச் சொன்னாள். இறங்க முடியாதவள், கதவைத் திறக்க வைத்து, உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டாள்.

"கயித்த அவுருங்க! மரத்தில பிழையில்ல. எங்கட ஊட்டு ஆக்கள்தான் வேர அறுத்த. நான் ஜன்னலால பாத்துக்கொண்டிருந்த. ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லல்லையா?"

தெரு அப்படியே நின்றது. மொஹிதீன் நானா முன் ஆசனத்தில் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள்.

அன்று மாலை ஜிப்னா போனாள். முன்னறையில் போட்ட கட்டிலில் உம்மு குல்தூம் படுத்திருந்தாள். இம்முறை கட்டிலோரத்தைத் தட்டவில்லை.

"உங்களுக்குத் தெரியுமெண்டு இவர் சொன்னார். அப்ப ஏன் நீங்க வாயத் தொறக்கல்ல?"

"உங்கள நினைச்சுத்தான் தாத்தா…"

"என்னைய நினைச்சா? நான் படுத்த படுக்கையில கிடக்கக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என்னைய வச்சுப் பேசி முடிச்சுட்டீங்க. எனக்கு ஒடஞ்சது இடுப்பு. காதும் வாயும் நல்லாத்தானே இருந்தது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த ரெண்டு மரமும் நிண்டிருக்கும்."

ஜிப்னா நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

தை மாதத்து மழையில், மரம் போன பாதியில் மேட்டுக்குக் குறுக்கே வெடிப்பு விட்டது. அதன் கீழிருந்த இரண்டு குடும்பங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. வெட்ட வேண்டும் என்று கத்திப் பேசியவர்களில் அவர்களும் இருந்தார்கள். வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் மேலே தறப்பாள் விரிக்க ஜிப்னாவும் ஷாமிலும் உதவினார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மழை இன்னும் முடியவில்லை.

சுரேஸ் திரும்பவும் வரத் தொடங்கினான். அவனும் ஜிப்னாவும் மிஞ்சிய இரண்டு மரங்களின் வேர்களை மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். ஒன்று உறுதியாக இருக்கிறது. மற்றதில் ஒரு பக்கம் அழுகல் கண்டிருக்கிறது. கொப்புகளைக் குறைத்துப் பாரத்தை இறக்கினால் சில வருடம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இம்முறை ஜிப்னா அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய் அப்படியே சொன்னாள். சிலர் கதவைத் திறந்தார்கள், சிலர் ஜன்னல் வழியாகவே கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக மொஹிதீன் நானா வீட்டுக்குப் போனாள். உம்மு குல்தூம் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அழுகல் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்கட ஊட்டுப் பக்கம், தாத்தா."

"அப்ப கொப்பு இறக்குற அண்டைக்கு எனக்குச் சொல்லுங்க. நானும் வந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் மெல்லத் திரும்பி உள்ளே போனாள்.