கண்டக்டரம்மா தேர்ந்தெடுத்த பாதைகள்

கண்டக்டரம்மா என்றால்தான் அந்தக் குடியிருப்பில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பால்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். மலை ரூட் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் நின்றே காலம் தள்ளியவள். ஓய்வு பெற்ற பிறகும் பழைய கதை பேச ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி ஒரே வருடத்துக்குத்தான் வந்து நிற்பாள். அது குடியிருப்பு இளவட்டங்கள் பன்னிரண்டு பேர் நான்கு நாள் மலைநடைக்குக் கிளம்பிய வருடம். பெரியவர் ஒருவர் கூட வந்தால்தான் வீட்டில் விடுவார்கள் என்று அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

"எனக்கு உக்காரத்தான் தெரியாது. நடக்கவா தெரியாது?" என்று சொல்லிவிட்டு, பாதைகளைக் குறித்துவைக்க அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள்.

பன்னிரண்டில் ஒருத்தி அவளுடைய பெண், பதினேழு வயது. ஒன்பது வயதில் மாடிப்படியில் உருண்டு கணுக்காலை முறித்துக்கொண்டவள். மூன்று மாதம் மாவுக்கட்டு. கால் ஆறிவிட்டது, அம்மாவின் பயம்தான் ஆறவில்லை. படி இறங்கினால் கை பிடிப்பாள், பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் பிடிப்பாள். பெண்ணுக்கு மானம் போகும்.

ஞாயிறுதோறும் பயிற்சி. முதல் வாரம் முதுகுப்பையில் பழைய பாடப்புத்தகங்கள், அடுத்த வாரம் அதோடு தண்ணீர், அதற்கடுத்து கூடாரமும். கிலோமீட்டர் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. "இன்னைக்கு மூணு ஸ்டேஜ், யாரும் முனகக்கூடாது!" என்பாள். கீழ் ஸ்டாப்பில் தொடங்கி, காட்டு வழியாக மேல் ஸ்டாப்புக்கு ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஐந்து வாரம், ஐந்து பாதை. எல்லாம் அப்படியே, ஏறுவது நடை, இறங்குவது பஸ்.

அவள் பஸ்ஸின் டிரைவர் டிப்போ கேன்டீனில் அந்த நோட்டைப் புரட்டினார். அவருக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் டீ இறங்காது.

"ஏம்மா, எல்லாப் பாதையும் மேல பஸ் ஸ்டாப்லயே முடியுதே?"

"வேற எங்கண்ணே முடியணும்? பசங்க வீடு திரும்ப வேணாமா?"

"ஏத்தம் இன்ஜினுக்குப் பரீட்சை, இறக்கம் பிரேக்குக்கு. உன் பசங்களுக்கு பிரேக் இருக்கான்னே நீ பாக்கலையே. பெரிய நடையில மூணாம் நாள் முழுக்க இறக்கம்னு நீயே எழுதியிருக்கே. அங்க யாரு பஸ் விடுவா?"

"கண்டக்டர் புத்திண்ணே, ஸ்டாப்பைத் தாண்டி யோசிக்கத் தெரியல" என்று அசடு வழிந்தாள். சப்பைக்கட்டுதான். பெண்ணை இறக்கத்தில் நடக்கவிட மனசு வராமல்தான் பஸ் ஸ்டாப்பாகத் தேடித் தேடிப் பிடித்திருந்தாள். ஒருத்திக்காகப் பதினோரு பேரையும் அரைகுறையாக வைத்திருக்கிறோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது. அப்போதும் அவளுக்குத் தோன்றிய வழி ஒன்றுதான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இந்தத் தடவை நீ வரவேணாம்டி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

"அடுத்த வருஷம் நான் ஹாஸ்டல்ல இருப்பேன். அங்க மாடிப்படி இருக்காதா? கையப் புடிக்க நீ தினம் வருவியா?" என்றாள் பெண். "நீ ஏன் இறக்கமே வைக்கலன்னு ரெண்டாவது வாரமே எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

கண்டக்டரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, அடுத்த ஞாயிறுக்கு மேல் ஸ்டாப்பிலிருந்து கீழ் ஸ்டாப் என்று எழுதினாள்.

அந்த ஞாயிறு பஸ்ஸில் ஏறிப்போய், நடந்து இறங்கினார்கள். ஏற்றத்தில் ஜம்பமடித்த பயல்கள் பாதி வழியில் தொடை நடுங்கி உட்கார்ந்தார்கள். பெண் பக்கவாட்டில் கால் வைத்து நிதானமாக இறங்கினாள். இரண்டடி பின்னால் அம்மா, கையை நீட்டியபடியே. ஒரு சரளைத் திருப்பத்தில் பெண் சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பெண்ணோ தானே எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள்.

"அம்மா, நீ முன்னால போ. பின்னால உன் மூச்சு கேக்கக் கேக்க எனக்குக் கால் பதறுது."

பெரிய மலைநடையும் அடுத்த மாதம் நல்லபடியாக முடிந்தது. அதைக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லி முடிப்பாள். இந்த ஞாயிறைக் கேட்டால்தான் குரல் இளகும். எட்டு வருடமாகப் பெண்ணை விழாமல் காத்தது தன் கைதான் என்று நினைத்திருந்தாளே, அந்த நினைப்பு அந்தச் சரளையில் அவளைவிட்டுப் போயிற்று. வலித்தது. பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

அன்றைக்குப் பெண் சொன்னபடியே முன்னால் போனாள். திரும்பிப் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். கீழ் ஸ்டாப்பில் சாலையைப் பார்த்தபடி நின்று, பின்னால் வந்து சேரும் காலடிகளை எண்ணினாள். பதினொன்று வரை கடகடவென வந்தன. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை.

பன்னிரண்டாவது காலடி வந்து பக்கத்தில் நின்ற பிறகும் அவள் திரும்பவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.