பத்திரம் அழித்த பதினேழு பக்கம்

நில அளவை அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திரப் பதிவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூன்றாவது மாடியில் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது அவர் வேலை. பட்டப்பெயர் வந்தது அவர் எழுதிய ஒரு எக்ஸ்டென்ஷனால், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டி மென்பொருளால்.

அவருடைய அக்கா ஒற்றை விரலால் டைப் அடிக்கிறவர். ஒரு நாள் முக்கால் மணி நேரம் போராடி ஒரு விண்ணப்பத்தை நிரப்பி முடிக்கிற சமயத்தில், 'நேரம் கடந்துவிட்டது' என்று சொல்லித் திரை அத்தனையையும் விழுங்கிவிட்டது.

"நீ நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானேடா உக்காந்திருக்க? இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்று அழாத குறையாகக் கேட்டார் அக்கா.

சாப்பாட்டு இடைவேளைகளில் படித்துப் படித்து, நான்கு மாதத்தில் அவர் ஒரு வழி பண்ணினார். பிரவுசரின் மூலையில் சின்ன பட்டனாக உட்கார்ந்துகொண்டு, கட்டங்களில் தட்டுவதை எல்லாம் அந்தக் கணினியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். பக்கத்தை மூடினாலும் கரண்ட் போனாலும் எழுதியது திரும்ப வரும். 'பத்திரம்' என்று பெயர் வைத்து, இரண்டு பிரவுசர்களின் ஸ்டோர்களிலும் இலவசமாகப் போட்டார். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி எதற்கு என்று கேட்டு ஸ்டோர்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டபோது அலுவலகம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். இரண்டு வருடத்தில் நாலாயிரம் பேர் அதை வைத்திருந்தார்கள்.

வினை ஒரு புதிய பதிப்பில் வந்தது. சேர்ந்துபோன பழைய வரைவுகளை முப்பது நாளுக்குப் பிறகு தானாகவே அழிக்கிற வசதி அது. ஒரு பிரவுசரில் சோதித்துப் பார்த்தார், ஒழுங்காக ஓடியது. இன்னொன்றில் சோதிக்க உட்காரும்போது மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "வர்றீங்களா இல்லையா? பல் டாக்டர் கிளம்பிடுவாரு!"

ஸ்டோரின் படிவத்தில், பரிசீலிப்பவர்களுக்கான குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. 'இரண்டிலும் சோதித்தாயிற்று' என்று தட்டி, அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்போது மனசு ஒரு துளி கூட உறுத்தவில்லை.

அவர் தேதியை எழுதியிருந்த முறை இரண்டாவது பிரவுசருக்குப் புரியவில்லை. புரியாத தேதியை எல்லாம் அரதப்பழசு என்று எடுத்துக்கொண்டு, இருந்த அத்தனை வரைவுகளையும் அது துடைத்துப் போட்டது.

மூன்றாம் நாள் ஸ்டோர் பக்கத்தில் வசவுகள் வரிசை கட்டின. நடுவே ஒன்றுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம். 'அப்போதாவது படிப்பீர்கள் என்று ஐந்து கொடுத்திருக்கிறேன். நான் நர்ஸ். என் கணவர் வேலை செய்த இடத்தில் விபத்தில் இறந்துபோனார். அதைப் பற்றி விசாரணைக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டியூட்டி முடிந்து வந்து தினம் ஒரு பத்தி. பதினேழு பக்கம். இன்று திறந்தால் வெறும் கட்டம். திரும்பக் கிடைக்குமா?'

கிடைக்காது. வேறெங்கும் பிரதி இல்லை.

பிழையை ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டார். ஆனால் திருத்தம் 'பரிசீலனையில்' என்று நான்கு நாள் கிடந்தது. வரைபடம் ஒன்று ஏற்றுவதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுமாக இருந்தார்.

"ஓசியில குடுத்ததுதானே, விடுங்க பத்திரம்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

மனைவியும் சொல்லிப் பார்த்தார். "நீங்க சோதிக்கலைன்னு அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே."

நர்ஸின் குறிப்புக்கு அடியில் பதிலாகத் தன் போன் நம்பரை எழுதினார். மறுநாள் மதியம் நர்ஸ் கூப்பிட்டார். இவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், படிவத்தில் எழுதிய பொய் உட்பட.

"நான் மருந்தை மாத்திக் குடுத்துட்டு, சரிபார்த்தேன்னு கையெழுத்தும் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க."

"நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணித் தர்றேங்க. எத்தனை நாள் ஆனாலும் சரி."

நர்ஸ் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து அவரே மறுபடி அழைத்தார். "கடைசித் தேதிக்கு இருபது நாள்தான் இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

அலுவலகம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஹெட்போனோடு உட்கார்ந்துவிடுவார். நர்ஸின் கணவர் பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஆள். வால்வு கசிகிறது என்று நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். நர்ஸ் நிதானமாக, நோயாளியின் நிலையை அடுத்த ஷிப்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இவர் அதை மூன்று இடத்தில் சேமித்தார்.

ஒன்பதாம் நாள், கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய இடம் வரைக்கும் எழுதி வந்தார்கள்.

"அவர் என்கிட்ட கடைசியா ஒண்ணு சொன்னார். அன்னைக்கு எழுதும்போது அப்படியே ஞாபகம் இருந்துச்சு. இப்ப அவர் சொன்னதா, நானா சேர்த்துக்கிட்டதான்னு குழம்புது."

"ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்லுங்களேன்."

"இது சாட்சி. சந்தேகம் இருந்தா எழுதக் கூடாது. விட்டுடுங்க, அடுத்ததுக்குப் போவோம்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தவருக்குச் சிறிது நேரம் மறுபடி வைக்க முடியவில்லை. "இருக்கீங்களா?" என்று நர்ஸ்தான் கேட்டார்.

பதினோரு பக்கம் வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் ஸ்டோரில், எக்ஸ்டென்ஷனின் விளக்கத்துக்கு மேலே, எந்தத் தேதியில் என்ன அழிந்தது, சோதிக்காமலே சோதித்ததாகத் தான் எழுதியது, எல்லாவற்றையும் அவர் போட்டார். "இதை ஏன்டா ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கிற?" என்று கடிந்துகொண்டார் அக்கா. எண்ணூறு பேர் கழன்றுகொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து நர்ஸிடமிருந்து ஒரு சின்னச் செய்தி வந்தது: 'நிர்வாகத்தின் தவறு என்று சொல்லிவிட்டார்கள்.' அதில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. மனைவிக்கு நிம்மதி. "பாத்தீங்களா? அவங்க வீட்டுக்காரர் கடைசியா சொன்ன அந்த ஒரு வரி இல்லாமலே ஜெயிச்சுட்டாங்க."

அவர் தலையாட்டினார். அந்த வரி விசாரணைக்கு மட்டும் வேண்டியதாக இருந்திருந்தால், அவரும் அன்றே நிம்மதியாகியிருப்பார்.