கை ஊன்றாமல் எழும்புதல்

இத்தா (கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டில் தங்கும் காலம்) முடிந்த மறுநாள், லுஹர் தொழுகைக்காக (நண்பகல் தொழுகை) பாயை நிலத்தில் விரித்தேன். அந்த நான்கு மாதமும் கதிரையில் (நாற்காலி) இருந்தபடிதான் தொழுதிருந்தேன். சுஜூதுக்குப் (நெற்றியை நிலத்தில் வைக்கும் நிலை) போனேன். போக முடிந்தது, எழும்ப முடியவில்லை. நோவும் இல்லை, மயக்கமும் இல்லை. எழும்பு என்று நான் சொல்கிறேன், தொடைகள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து பார்த்தேன். பிறகு தொழுகையை முறித்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டேன். பஸ்லியா ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் என் மகன் ரிஸ்வி. ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, வெங்காய மூட்டை தூக்குவதுபோலத் தூக்கிக் கட்டிலில் இருத்தினார்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் வீடு மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையில் இருக்கிறது. என் கணவர் மௌத்தாகும்வரை (இறக்கும்வரை), மிளகு காயப்போட்ட பாய்களை நானே முற்றத்தில் இழுத்துப் போட்டேன், மழை இருட்டினால் நானே அள்ளிக்கொண்டு ஓடினேன். அப்படிப்பட்டவள் ஐந்து மாதத்துக்குள் நிலத்திலிருந்து எழும்பத் தெரியாதவளாகிவிட்டேன்.

நடந்தது இதுதான். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகி, நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். நான் இத்தா இருந்தேன். சமைக்கவோ கூட்டவோ கூடாதென்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் என்னை ஒரு துரும்பையும் தூக்கவிடவில்லை. சாப்பாடு கதிரைக்கு வந்தது, கை கழுவத் தண்ணீரும் கதிரைக்கு வந்தது. துக்கத்தில் எனக்கும் அசைய மனமில்லை. பாணும் (ரொட்டி) தேத்தண்ணியுமாகக் காலம் போனது. வீட்டில் இருக்கத்தான் சொல்லியிருந்தது, கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி, தைராய்டு எல்லாம் சரி, விட்டமின் டி மட்டும் குறைவு. டொக்டர் தமிழ் பேசும் பெண். என்னைக் கதிரையில் இருத்தி, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னார். இதென்ன பெரிய பரீட்சை என்று நினைத்தேன். ஒருமுறைகூட என்னால் ஏலவில்லை.

அவர் சொன்ன பெயர் தசை நலிவு (வயது ஏற ஏறத் தசையின் அளவும் பலமும் குறைவது). இது முதுமையில் திடீரென்று வருவதில்லையாம். முப்பது, நாற்பது வயதில் சத்தமில்லாமல் தொடங்குகிறதாம். உழைக்கும் தசை மெதுவாகக் கரையும், சும்மா இருக்கும் தசை வேகமாகக் கரையும். வயதானவர் சில நாள் படுத்து இழக்கும் பலத்தை மீட்கப் பல வாரம் எடுக்கும். நீண்ட நாள் வாழ வழி தேடுகிறவர்கள் மருந்தைத் தேட முன்னர் தங்கள் தொடையைப் பார்க்க வேண்டும் என்றார்.

முட்டை, பருப்பு, நெத்தலி, காலை வெயில் என்று எழுதித் தந்து, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே இருந்த சிங்கள மிஸ், கதிரையில் தலையணை போட்டு உயர்த்தி, அதிலிருந்து எழும்பப் பழக்கினாள். பலம் வர வரத் தலையணையை மெலிதாக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மகள் வயதுகூட இல்லாதவள் எனக்கு எழும்பச் சொல்லித் தருகிறாளா என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, கோபத்தைக் காலில் காட்டுங்கள் அம்மா என்றாள்.

மூன்றாம் நாள் வீட்டில் பழகும்போது முழங்கால் மடிந்து அலுமாரியில் சாய்ந்தேன். தோளில் ஒரு கன்றல், அவ்வளவுதான். ஆனால் ரிஸ்வியின் முகம் வெளுத்துவிட்டது. இனி ஒரு பயிற்சியும் இல்லை என்றான். நான் விடவில்லை. டொக்டர் சொன்னதையெல்லாம் அடுக்கினேன். அவன் என் கட்டில் காலடியில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்:

"வாப்பாவத்தான் காப்பாத்த ஏலாம போச்சு உம்மா. நீங்களும் வுழுந்தா நான் என்னா செய்ற?"

தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? குளியலறைக்குக் கைபிடிக் கம்பி வந்தது. அது நல்லது. ஆனால் தனியாக அங்கே போகவும் கூடாது என்றாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி வைத்தார்கள். நான் செருப்பைத் தேடினால்கூட யாராவது ஓடிவருவார்கள். தொழுவதற்கென்று மெத்தை வைத்த புதுக் கதிரை வந்தது. ஏலாதவர் கதிரையில் தொழலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் சொன்னார். அது சரிதான். ஆனால் ஏலாதவள் என்று என்னை யார் முடிவு செய்தது? ஒவ்வொரு தொழுகையிலும் கதிரையில் இருந்தபடி தலையைக் குனிந்து, எட்டாத நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெற்றி அந்த நிலத்தைத் தொட வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ரிஸ்வி என் ஃபோனுக்கு வீடியோக்கள் அனுப்புவான். நூறு வயது வாழக் கருஞ்சீரகம், வெறும் வயிற்றில் சுடுதண்ணீர். நூறு வயது வரைக்கும் இந்தக் கதிரையிலா என்று நினைத்துக்கொள்வேன். பாசத்தோடு சண்டை பிடிப்பது லேசான காரியமில்லை. இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்படி இருத்திவைக்கப்பட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும்.

பஸ்லியாதான் வழி விட்டாள். ரிஸ்விக்குத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் மரக்கறி கமிஷன் கடை. போவதும் வருவதும் வேனில், அங்கே பகல் முழுக்கக் கதிரையில். அவனுடைய வேன் வீதியில் ஏறியதும் அவள் தலையணையோடு வருவாள். அவள் பக்கத்தில் நிற்க, நான் எழும்புவேன், இருப்பேன், குசினிப் (சமையலறை) படியில் ஏறி இறங்குவேன். பேரப்பிள்ளை கண்ட வயதில், என் சொந்த வீட்டில் திருட்டுத்தனமாக எழும்பப் பழகினேன். சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாதங்கள் போயின. தலையணை மெலிந்து, பிறகு இல்லாமலே போனது. இடையில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு கிழமை (வாரம்) படுத்தேன், பாதிப் பலம் போய்விட்டது. தலையணை திரும்ப வந்தது. அன்றுதான் நன்றாக அழுதேன். பஸ்லியா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளில் மிஸ்ஸிடம் கேட்டேன், இது எப்போது முடியும் என்று. முடியாது அம்மா, நிறுத்தினால் போய்விடும் என்றாள். திரும்பத் தொடங்கினேன். கடைசியில் நிலத்திலிருந்து எழும்பவும் அவளே பழக்கினாள். ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்னுக்கு வைத்து, கையைத் தொடையில் கொடுத்து எழும்ப வேண்டும்.

அதன்பிறகு ஒருநாள் அஸர் (மாலைத் தொழுகை) நேரம், தொழுகைக் கதிரையை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, கட்டில் விளிம்பு கைக்கெட்டும்படி பாயை விரித்தேன். பஸ்லியா குசினியில் இருந்தாள். தக்பீர் கட்டி (தொழுகையைத் தொடங்கி) முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) சுஜூதுக்குப் போனேன். நெற்றி பாயில் பட்டது. பாயில் பழைய மிளகு வாசம் இருந்தது.

அந்த நேரம்தான் வேன் சத்தம் கேட்டது. சந்தையில் மரக்கறி வரத்துக் குறைவென்று நேரத்தோடு வந்துவிட்டானாம். அறை வாசலில் காலடி வந்து நின்றது. நான் நெற்றியை நிலத்தில் வைத்தபடி இருக்கிறேன். போ என்று சொல்ல எனக்கு ஏலாது, தொழுகையில் பேசக் கூடாது. அவனுக்கும் என்னைக் கூப்பிட ஏலாது. விழுந்தவளைத் தூக்கலாம், தொழுகிறவளை எப்படித் தூக்குவது? அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

ஒரு ரக்அத்துக்கு இரண்டு சுஜூது. இரண்டாவதிலிருந்து எழும்பினேன். முழங்கால், கால், தொடையில் கை. தொடை நடுங்கியது. அவன் ஓர் அடி எடுத்து வைத்ததும் நின்றதும் கேட்டது. கட்டிலைப் பிடிக்கவில்லை. நேராக நின்றேன். இன்னும் மூன்று ரக்அத் இருந்தது.

முன்பெல்லாம் சுஜூதிலிருந்து நிலைக்கு வருவதை நான் கவனித்ததே இல்லை, கண் மூடித் திறக்கும் நேரம். இப்போது அது ஒரு நீண்ட பயணம். எந்த எலும்பில் பாரம் நிற்கிறது, எந்தத் தசை பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இந்த உடம்பு ஒரேயடியாக எனக்குக் கொடுக்கப்பட்டதில்லை, ஒவ்வொரு வக்திலும் (தொழுகை நேரம்) கேட்டு வாங்க வேண்டியது என்றும் தெரிகிறது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினேன். ரிஸ்வி என் தொழுகைக் கதிரையில் இருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"புடிக்க வந்தேன் உம்மா," என்றான்.

"தெரியும்."

தேத்தண்ணி குடிக்கலாம் என்று சொல்லி எழும்பினான். இரண்டு கைகளையும் கதிரைப் பிடியில் ஊன்றி, ஒரு முக்கல் முக்கி, உந்தித்தான் எழும்பினான். அவனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. எனக்கு உயிரே போய் வந்தது.

"இரி மகன்," என்றேன். அவன் விளங்காமல் திரும்ப இருந்தான். நான் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக் காட்டினேன்.

"இப்ப கை வைக்காம எழும்பு."