கிளட்ச் இல்லாத வண்டி

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே காலில் புண் வந்து, புழு வைத்து, அறுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர் லாரி டிரைவர். திரும்பி வந்த பிறகு மலாக்காவில் ஒருவரும் அவர் கையில் வண்டி கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டுமே. கட்டைக்காலால் ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். அது வழுக்கி, லாரி சாக்கடையில் இறங்கியது. அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினார்.

சும்மா சொல்லவில்லை. கறியில் உப்பு, பிள்ளைகள் போடும் சத்தம், எதிர்வீட்டு ரேடியோ என்று எல்லாவற்றுக்கும் எரிந்து விழுவார். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எங்கள் சண்டையைக் கேட்டுத்தான் பொழுது விடிந்ததைத் தெரிந்துகொண்டார்கள். அவருக்கு என் மேல் கோபம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆம்பளைக்கு வேலை இல்லை, அதுதான் கோபம்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு பால் கம்பெனி, தன் பாட்டரி வண்டியை விற்றுவிட்டுப் போனது. அதை எங்கள் ஊர் ரொட்டிக்கடை முதலாளி வாங்கினார். அவர் தமிழ் முஸ்லிம், அப்பா காலத்திலிருந்தே டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். நாங்கள் பாய் என்போம். வண்டி வந்துவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை. சைக்கிள்காரன் கூட முந்திக்கொண்டு போகிற வண்டியை ஓட்ட எந்த இளவட்டத்துக்கு மனசு வரும்?

என் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"கிளட்சே இல்ல புள்ள. கியரும் இல்ல. ரெண்டே மிதி. ஒண்ணு ஓட, ஒண்ணு நிக்க. ரெண்டுக்கும் வலது கால் போதும்."

அன்றைக்குக் கறியில் உப்பு கூடித்தான் போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் ரொட்டி வண்டி டிரைவர். வண்டியின் அடியில் ஒரு மோட்டார் தொங்கும். இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக ஈய பாட்டரிகள். ராத்திரி முழுக்கக் கரண்டில் மாட்டி வைத்தால் மறுநாள் டவுன், செமாபோக் எல்லாம் சுற்றி வரும். இஞ்சின் சத்தமே இருக்காது. அதனால் அவரே ஒரு மணியை வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் சண்டை குறைந்தது. எனக்கே ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த வினை ஏற்றத்தில் இருந்தது. புக்கிட் பாருவில் புது வீடுகளும் கடைகளும் வந்தன. எல்லாருக்கும் காலையில் ரொட்டி வேண்டும். நிறைய ரொட்டியை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போனால் வண்டி மூக்கால் அழும். பாதியில் மோட்டார் சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். ஆறட்டும் என்று ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். அதற்குள் கடைக்காரர்கள் வேறு ரொட்டி வாங்கிவிடுவார்கள்.

"ஏத்தத்துல இது ரொம்ப சுசா, கஷ்டம் தம்பி. பெட்ரோல் வண்டி எடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார் முதலாளி. அவர் கெட்ட மனிதர் இல்லை. வியாபாரி. ஆனால் பெட்ரோல் வண்டி என்றால் கிளட்ச். 

என் வீட்டுக்காரர் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் சீனரின் பட்டறையில் போய் உட்கார்ந்தார். நான் சோறு கொண்டு போகும்போதெல்லாம் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து மலாயில் வாதாடிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கியது. முன்பெல்லாம் வண்டி மெதுவாகக் கிளம்புவதற்காக, பாட்டரியிலிருந்து வரும் கரண்டில் பாதியைக் கம்பிச் சுருளில் சூடாக்கி வீணடித்தார்கள். இப்போது பாட்டரிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். கிளம்பும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும். மிதியை இன்னும் அழுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து முழு வேகம் கொடுக்கும். வீண் கிடையாது. மோட்டாருக்கு உள்ளே பழைய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி சுற்றினார்கள். கடைசியாக, ஏற்றத்தில் சூடேறாமல் இருக்க, மூடியிருந்த மோட்டார் கூட்டில் முன்பக்கமாக ஜன்னல் வெட்டி வலை வைத்தார்கள். வண்டி ஓட ஓடக் காற்று உள்ளே போகும்.

"இனி மூச்சு விடும்" என்று மோட்டாரைத் தட்டிக் காட்டினார்.

வெறும் வண்டியைச் செமாபோக் ரோட்டில் ஓட்டிப் பார்த்த அன்று, வழக்கமாக முந்திப் போகும் சைக்கிள்காரர்களை இவர் முந்தினார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சயாமிலிருந்து வந்த பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முதலாளியும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை முழுச் சுமையோடு அவரே பக்கத்தில் உட்கார்ந்து வருவார். புக்கிட் பாரு ஏறிவிட்டால் வண்டி என் வீட்டுக்காரருக்கே. ஏறாவிட்டால் பெட்ரோல் வண்டிதான்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், புருஷனை இழந்தவர், எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். தம்பியைச் சயாமுக்குப் பிடித்தது பாசார் சந்தையில், நடு ரோட்டில். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. 'வாசல்ல நிறுத்தி ஆரத்தி சுத்தி அனுப்பியிருந்தா அந்தக் கால் போயிருக்காது' என்பது அந்த அம்மாள் பேச்சு. அன்றிலிருந்து தம்பி எதைத் தொடங்கினாலும் தட்டோடு வந்து நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். பொண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறேனே, நான் என்ன பொம்மையா?

திங்கட்கிழமை காலையிலும் வந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி, தேங்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். முதலாளி பொறுமையாகச் சிரித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் ஆரத்தியைச் சுற்றி வண்டியின் முன்பக்கம் வீசி ஊற்றினார். பிறகு, கோயில் தேருக்கு ஊற்றுகிற மாதிரி, குடத்துத் தண்ணீரை முன் சக்கரங்களுக்குக் குனிந்து குனிந்து அள்ளி அடித்தார். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு இதே வண்டிக்கு இதையேதான் செய்தார். ஒன்றும் ஆனதில்லை. அப்போது மோட்டார் மூடியிருந்தது. புதிதாக வெட்டிய ஜன்னல் எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கட்டைக்காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்த அவருக்கும்தான்.

ஏற்றத்தில் நடந்ததை முதலாளி சொல்லித்தான் கேட்டேன். பாதி தூரம் ஜோராக ஏறியிருக்கிறது. அப்புறம் அடியில் பட்டென்று ஒரு வெடிப்பு, நீல நெருப்பு, புகை. முதலாளி குதித்துவிட்டார். இவரால் குதிக்க முடியாது. பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருண்டு யார் மேலாவது ஏறும் என்று மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் இறங்கினாராம்.

மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே சிவப்புக் கறையும், காய்ந்த சுண்ணாம்பும். மோட்டார் மேல் குறையில்லை, தண்ணீர் போகாமல் இருந்தால் ஏறியிருக்கும், மறுபடி சுற்றித் தருகிறேன் என்று சீனர் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாயை இவர் கட்டிவிட்டு வந்தார். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பெட்ரோல் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

இதை இவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"போய் பாய்கிட்ட சொல்லுங்க. மோட்டார் மேல தப்பில்ல, தண்ணி போச்சுன்னு சொல்லுங்க. இன்னொரு தடவ பாப்பாரு."

"சொல்லலாம். என்ன தண்ணின்னு கேப்பாரு. சாயங்காலத்துக்குள்ள அக்கா காதுக்குப் போயிரும்."

"போகட்டுமே. செஞ்சவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"ஒரு கால் போனதுக்கே அது இத்தன வருஷமா அழுவுது. இதையும் அது தலையில போடச் சொல்றியா?"

"அப்ப உங்க பொழப்பு?"

அவர் கட்டைக்காலின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நீங்க சொல்லாட்டி நான் போய்ச் சொல்றேன் என்று எழுந்தேன். சொல்லியும் இருப்பேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வாசலில் வந்து நின்றார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னா பொல்லாத கண்ணு தம்பி இது. அவ்ளோ சுத்திப் போட்டும் இப்படி ஆயிருச்சே. என் கைதான் விளங்கல போல."

"யார் சொன்னா?" என்றார் இவர். "அடியில அவ்ளோ நெருப்பு. பாய் குதிச்சிட்டாரு, நான் மேலயே உக்காந்திருக்கேன். ஒரு பொட்டு என் மேல படலக்கா. நீ சுத்தி அனுப்பலன்னா இன்னிக்கு நான் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்."

நாத்தனார் அவரையே பார்த்தார். பிறகு அந்தக் கட்டைக்காலைப் பார்த்தார். நம்பலாமா கூடாதா என்று தெரியாமல், எழுந்து நின்றுகொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

என் வீட்டுக்காரர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். 

"ஆமா அண்ணி" என்றேன். "உங்க கைராசிதான்."

அந்த அம்மாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்தது போல மூச்சு விட்டார். நான் காப்பி போட உள்ளே போனேன். அடுத்த வாரம் பெட்ரோல் வண்டி வந்தது. அதை ஓட்ட ஒரு இளவட்டத்தை வைத்தார்கள்.